சிவப்பு ஓநாயும் கயோட்டியும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், அட்லாண்டிக் கடலை ஒட்டிய சதுப்புக் காட்டில் மிச்சமிருக்கும் சிவப்பு ஓநாய்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தாலே ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் பாதி சொல்லி மீதியை விட்டுவிடுகிறேன் என்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் "ஏன் வேறு இனத்தோடு சேருகிறது" என்ற கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது.

சிவப்பு ஓநாய் என்றால் நம் முதுமலையில் இருக்கும் செந்நாய்தானே?

இல்லை. பெயர்தான் குழப்புகிறது. செந்நாய் வேறு பேரினம், விசிலடிப்பது போலக் குரல் கொடுக்கும், ஓநாய்க்கு அது தூரத்து உறவுதான். சிவப்பு ஓநாய் அசல் ஓநாய்க் குடும்பம். 20 முதல் 36 கிலோ வரை எடை, நீளமான கால்கள், தலைக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும் காதுகள். உடம்பு பழுப்பும் சாம்பலும் கலந்திருக்கும், காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் கால்களிலும் மட்டும் செம்மண் பூசிய மாதிரி ஒரு நிறம். ஒரு காலத்தில் டெக்சாஸிலிருந்து அட்லாண்டிக் கரை வரை தென்கிழக்கு அமெரிக்கா முழுக்க இது இருந்தது.

கயோட்டி?

நம்மூர் நரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் கொஞ்சம் பெரிது, அதே சாமர்த்தியம், எலி, முயல், பழம், குப்பைத்தொட்டி என்று எது கிடைத்தாலும் தின்று பிழைத்துக்கொள்ளும். முன்பு அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில்தான் இருந்தது. கிழக்கே காட்டை வெட்டி ஓநாய்களையும் ஒழித்தபோது அந்த இடம் காலியானது, 20ஆம் நூற்றாண்டில் கயோட்டி நகர்ந்து நகர்ந்து வந்து அதை நிரப்பிவிட்டது. அதாவது கயோட்டி வந்ததால் ஓநாய் போகவில்லை, ஓநாயை நாம் விரட்டியதால்தான் கயோட்டி வந்தது. இந்த வரிசையை மறந்துவிட்டுத்தான் பலர் கயோட்டியை வில்லனாக்குகிறார்கள்.

இப்போது எத்தனை சிவப்பு ஓநாய்கள் இருக்கின்றன?

காட்டில் இருபது முப்பது, அவ்வளவுதான். உலகத்திலேயே இவ்வளவுதான் சுதந்திரமாக ஓடுகின்றன. இது தவிர அமெரிக்கா முழுக்கச் சுமார் 50 உயிரியல் பூங்காக்களிலும் காப்பகங்களிலும் 250-க்கு மேல் வளர்கின்றன.

இந்த நிலைக்கு எப்படி வந்தது?

வேட்டை, விஷம், தலைக்கு இவ்வளவு என்ற சன்மானம், பொறி, காட்டழிப்பு. 1960-கள் முடியும்போது மிஞ்சியவை டெக்சாஸ், லூசியானா எல்லையில் கடலோரச் சதுப்பில் ஒதுங்கிக் கிடந்தன. அது ஓநாய்க்கு நல்ல இடமே இல்லை. குடலில் கொக்கிப்புழு, இதயத்தில் புழு, தோலில் சொறி. அதோடு சுற்றிலும் கயோட்டி.

1973-இல் அமெரிக்காவின் அழிந்துவரும் உயிரினங்கள் சட்டம் வந்த அதே ஆண்டு வாஷிங்டன் மாநிலம் டகோமாவில் உள்ள பாயிண்ட் டிஃபையன்ஸ் பூங்காவில் இனப்பெருக்கத் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தச் சதுப்பில் 400-க்கும் மேற்பட்ட விலங்குகளைப் பிடித்தார்கள். இன்றைக்குச் செய்வது போல டிஎன்ஏ பார்க்க அப்போது வசதி கிடையாது. மண்டையோட்டை எக்ஸ்ரே எடுத்து அளந்தார்கள், எடை போட்டார்கள், ஊளையைப் பதிவு செய்து ஒப்பிட்டார்கள், கடைசியில் குட்டி பிறந்து அது ஓநாய் மாதிரி வளர்கிறதா என்று காத்திருந்தும் பார்த்தார்கள். 400-இல் 43 மட்டும் பூங்காவுக்குப் போயின. அதிலும் கழித்துக் கழித்து வம்சத்தைத் தொடங்கியவை 14. இன்று உயிரோடு இருக்கும் சிவப்பு ஓநாய்களில் அவற்றில் 12-இன் வழிதான் தொடர்கிறது. 1980-இல் காட்டில் இந்த இனம் அற்றுவிட்டதாக அறிவித்தார்கள்.

1987 செப்டம்பரில் வட கரோலினாவின் அலிகேட்டர் ரிவர் தேசிய வனவிலங்குப் புகலிடத்தில் நான்கு ஜோடிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மூன்று பக்கம் தண்ணீர் சூழ்ந்த நிலம், அப்போது அங்கே கயோட்டி கிடையாது, அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டே காட்டில் குட்டி பிறந்தது. 2000-களின் நடுவில் எண்ணிக்கை 100-ஐத் தாண்டியது. ஆனால் 1990-களில் கயோட்டி அங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது.

தன் இனம் இருக்கும்போது ஓநாய் ஏன் கயோட்டியோடு சேருகிறது?

தன் இனம் இருந்தால் சேராது. அதுதான் விஷயமே. சிவப்பு ஓநாய் ஜோடி பிரியாமல் வாழும் பிராணி, ஒரு ஜோடி தன் எல்லைக்குள் கயோட்டியை விடாது, விரட்டும், சில சமயம் கொன்றும் போடும். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தக் கதைதான்: பக்கத்தில் எங்கேயும் ஓநாய்த் துணை இல்லை என்றால்தான் கயோட்டி துணையாகிறது.

சரி, துணை ஏன் இல்லாமல் போகிறது? இந்த ஓநாய்களின் இனச்சேர்க்கைக் காலம் பிப்ரவரி வாக்கில். அங்கே மான் வேட்டைக் காலம் இலையுதிர் பருவத்தில், அக்டோபரிலிருந்து. ஓநாய்கள் துப்பாக்கிக்கு அதிகம் பலியாவது அந்த மாதங்களில்தான். நவம்பரில் ஜோடியில் ஒன்று சுடப்பட்டால் மற்றது இரண்டு மூன்று மாதத்துக்குள் புதுத் துணை தேட வேண்டும். நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டரில் ஓர் ஓநாய்கூட இல்லாத இடத்தில் கயோட்டி மட்டும் எங்கும் இருக்கிறது. ஏப்ரலில் கலப்புக் குட்டிகள் பிறக்கின்றன. வட கரோலினாவில் நடந்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின: மனிதர் சுட்டு ஜோடி உடைந்த இடங்களில் கலப்பு கூடுகிறது, ஜோடி உடையாமல் நிற்கும் இடத்தில் கலப்பு அபூர்வம். மரபணுப் பிரச்சினை என்று எல்லோரும் பேசுவது அடியில் பார்த்தால் துப்பாக்கிப் பிரச்சினைதான், நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

கலப்புக் குட்டிகள் கோவேறு கழுதை மாதிரி மலடாக இருக்காதா?

இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, அதனால் அவற்றின் குட்டியில் கணக்கு இடித்து மலடாகிறது. ஓநாய், கயோட்டி, நாய் எல்லாவற்றுக்கும் 78. குட்டிகள் நல்ல ஆரோக்கியமாகப் பிறந்து, வளர்ந்து, தாங்களும் குட்டி போடும்.

கலந்தால் என்ன? இயற்கைதானே?

நியாயமான கேள்வி. எண்ணிக்கை சமமாக இருக்கும் இரண்டு இனங்களுக்கு இடையில் அவ்வப்போது கொஞ்சம் மரபணு போய் வருவது இயற்கைதான், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இங்கே ஒரு பக்கம் இருபது முப்பது, மறுபக்கம் கணக்கே இல்லை. ஒரு குடம் பாலை ஏரியில் ஊற்றினால் பால் எங்கேயும் போய்விடவில்லைதான், ஆனால் பால் என்று ஒன்று இருக்காது. 1999-இல் நிபுணர்கள் கூடிக் கணக்கிட்டபோது, எதுவும் செய்யாமல் விட்டால் 3 முதல் 6 தலைமுறைக்குள் சிவப்பு ஓநாய் அடையாளம் தெரியாமல் கரைந்துவிடும் என்று தெரிந்தது.

அதோடு உடம்பின் அளவு மாறினால் வேலையும் மாறும். வெள்ளைவால் மானை ஜோடியாக ஓடி வீழ்த்தும் பிராணி வேறு, பெரும்பாலும் எலியும் முயலும் பிடிக்கும் பிராணி வேறு.

ஒரு குட்டி கலப்பா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஏப்ரல், மே மாதங்களில் ரேடியோ காலர் மாட்டிய பெண் ஓநாய் ஒரே இடத்தில் தங்க ஆரம்பித்தால் குட்டி போட்டுவிட்டது என்று அர்த்தம். உயிரியலாளர்கள் முள்ளுக்குள் தவழ்ந்து வளையைத் தேடிப் போவார்கள். கண்கூடத் திறக்காத, கையளவு கறுப்புக் குட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, தோலுக்கடியில் அரிசியளவு அடையாளச் சிப் வைத்து, திரும்ப அதே இடத்தில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அந்த இரத்தத்தில் டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களைப் படித்து, அந்த ஆரம்ப ஓநாய்களின் வம்சத்தோடு ஒப்பிட்டு, எத்தனை பங்கு ஓநாய் என்று கணக்கிடுவார்கள். வளை கிடைக்காத பகுதிகளில் மண்பாதைகளில் கிடக்கும் எச்சத்தைப் பொறுக்கி அதிலிருந்தும் டிஎன்ஏ எடுத்தார்கள். எச்சத்தை எடுத்தால் போதும், மிருகத்தைத் தொடவே வேண்டாம், எனக்கு மிகவும் பிடித்த முறை இது.

87.5 சதவீதம் என்பதைக் கோடாக வைத்தார்கள். எட்டில் ஏழு பங்கு. கொள்ளுத் தாத்தா பாட்டி எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் கயோட்டி என்றால் வரும் கணக்கு அது. அதற்குக் கீழே இருந்தால் கலப்பு. இப்படிப் பார்த்துப் பார்த்துக் காத்ததில், பல ஆண்டுகளுக்குப் பிறகும் காட்டு ஓநாய்களில் கயோட்டிப் பங்கு 4 சதவீதத்துக்குள்தான் இருந்தது.

கயோட்டிக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை, இந்தத் திட்டத்திலேயே கெட்டிக்காரத்தனமான பகுதி அதுதான். நம் ஊர்த் தெருநாய்க்குச் செய்வது போல விரையை எடுத்துவிடுவதில்லை. ஆணுக்கு விந்துக்குழாயையும் பெண்ணுக்குக் கருக்குழாயையும் மட்டும் அடைத்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஹார்மோன் அப்படியே இருப்பதால் அந்தக் கயோட்டி ஜோடி தன் எல்லையைக் காத்துக்கொண்டே இருக்கும், வெளியிலிருந்து வேறு கயோட்டி நுழைந்தால் சண்டை போட்டு விரட்டும், ஆனால் குட்டி மட்டும் வராது. ரயிலில் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பது மாதிரி, ஓநாய் வரும் வரை அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஓநாய் வந்தால் பெரும்பாலும் தானே கயோட்டியை வெளியேற்றிவிடும், இல்லாவிட்டால் ஆட்கள் போய் அகற்றுவார்கள். ஓநாய்க்குப் பளிச்சென்று ஆரஞ்சு நிறக் கழுத்துப் பட்டை, அறுவை செய்த கயோட்டிக்கு வெள்ளைப் பட்டை.

அதற்குப் பதில் கயோட்டியை எல்லாம் சுட்டுத் தள்ளினால்?

இரண்டு காரணத்தால் வேண்டாம். ஒன்று, கயோட்டியைக் கொன்றால் காலியான எல்லைக்குள் அடுத்தது வந்துவிடும், இருபதாம் நூற்றாண்டு முழுக்க லட்சக்கணக்கில் கொன்றும் அது பரவத்தான் செய்தது. இரண்டு, தூரத்தில் இருந்து பார்த்தால் இளம் சிவப்பு ஓநாயும் பெரிய கயோட்டியும் ஒன்றுபோலவே இருக்கும். 2012-இல் வட கரோலினாவில் கயோட்டியை இரவிலும் சுடலாம் என்று அனுமதித்தார்கள். பகலிலேயே தெரியாத வித்தியாசம் இரவில் விளக்கு வெளிச்சத்தில் எப்படித் தெரியும்? ஓநாய்கள் செத்தன. பாதுகாப்பு அமைப்புகள் வழக்குப் போட்டு, 2014-இல் ஓநாய்ப் பகுதியில் நீதிமன்றம் அதைத் தடுத்தது.

அப்புறமும் சரிவு நிற்கவில்லை. 2015-இல் கூட்டாட்சி வனவிலங்குத் துறை பூங்கா ஓநாய்களைக் காட்டில் விடுவதையே நிறுத்தியது. 2020 வாக்கில் காட்டில் காலர் போட்டவை பத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. சட்டத்தை மீறினீர்கள் என்று அந்தத் துறையிடம் 2018-இல் நீதிமன்றம் சொன்னது, மறுபடி விடுவிக்கத் திட்டம் கொடுங்கள் என்று 2021-இல் உத்தரவிட்டது, வழக்குப் போட்ட அமைப்புகளோடு 2023-இல் சமரசம் ஏற்பட்டது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. 100-க்கு மேல் வளர்த்துக் காட்டிய வேலையைக் கண்ணெதிரே கரையவிட்டார்கள்.

சிவப்பு ஓநாயே ஒரு கலப்பினம்தான் என்கிறார்களே?

2016-இல் முழு மரபணுத் தொகுதியைப் படித்த ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது: சாம்பல் ஓநாயும் கயோட்டியும் கலந்து வந்ததுதான் சிவப்பு ஓநாய் என்று. ஓநாய்க்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டாம் என்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டதன் பேரில் தேசிய அறிவியல் கழகங்கள் ஒரு குழுவை அமைத்து உடலமைப்பு, நடத்தை, மரபணு, பழைய எலும்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து 2019-இல் அறிக்கை தந்தன. சிவப்பு ஓநாய் தனி இனமாகக் கருதத் தக்கது என்பது அதன் முடிவு. எப்படித் தோன்றியது என்ற விவாதம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. என்னைக் கேட்டால், எப்போதோ கலந்து உருவானதாகவே இருந்தாலும், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தனக்கென்று ஓர் உருவமும் வாழ்க்கையும் கொண்டு வாழ்ந்த பிராணியை அதைக் காரணம் காட்டிக் கைவிட முடியாது.

டெக்சாஸில் ஏதோ ஓநாய் திரும்பக் கிடைத்ததாமே?

ஓநாய் கிடைக்கவில்லை, அதன் மரபணு கிடைத்தது. டெக்சாஸ் கடலோரத்தில் கால்வெஸ்டன் தீவு. வீடுகளும் கடற்கரை விடுதிகளும் நிறைந்த இடம். அங்கே திரியும் கயோட்டிகளில் சிலவற்றுக்குக் கால் நீளம், முகம் அகலம், நிறத்தில் செம்மை. ரான் வூட்டன் என்ற காட்டுயிர் ஆய்வாளர் அவற்றைப் பல ஆண்டுகள் கவனித்துப் படம் எடுத்தார். சாலையில் அடிபட்டுச் செத்த இரண்டின் திசுவை வெட்டி எடுத்துத் தன் ஃப்ரீசரில் போட்டு வைத்திருந்தார், யாராவது சோதித்துப் பார்க்க மாட்டார்களா என்று. அது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிரிட்ஜெட் வான்ஹோல்ட் குழுவிடம் போய்ச் சேர்ந்தது. 2018-இல் முடிவு வந்தது: பூங்காவில் வளரும் சிவப்பு ஓநாய்களில் மட்டுமே உள்ள மரபணு வடிவங்கள் அந்த இரண்டிலும் இருந்தன. அதோடு எந்த ஓநாயிலும், எந்தக் கயோட்டியிலும் அதுவரை பார்க்காத வடிவங்களும் இருந்தன. பின்னால் தென்மேற்கு லூசியானாவிலும் இப்படிப்பட்டவை தெரியவந்தன, சில விலங்குகளில் பாதிக்கு மேல் சிவப்பு ஓநாய் வம்சம்.

இதை யோசித்துப் பாருங்கள். 1970-களில் எந்தக் கலப்புக்குப் பயந்து 400-இல் 14-ஐ மட்டும் தேர்ந்தெடுத்தார்களோ, அந்தக் கலப்புதான் மீதிப் பேரின் சொத்தைச் சுமந்துகொண்டு அரை நூற்றாண்டு தாண்டி வந்திருக்கிறது. பன்னிரண்டு பேர் வம்சத்தில் உறவுக்குள்ளேயே கட்டிக்கொண்டு போகும் பூங்கா ஓநாய்களுக்கு அந்தத் தொலைந்த வேறுபாடு ஒருநாள் உயிர்நாடியாக இருக்கலாம். நானும் ஒரு காலத்தில் கலப்பு என்றாலே நஷ்டக் கணக்கில்தான் எழுதினேன். கால்வெஸ்டன் செய்தி வந்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை.

அப்படியென்றால் அந்தக் கயோட்டிகளைக் கொண்டுவந்து ஓநாயோடு சேர்த்துவிடலாமே? குளோனிங்கூடச் செய்துவிட்டார்களாமே?

சேர்க்கலாமா என்பது திறந்த கேள்வி. அவற்றில் உள்ள ஓநாய்ப் பங்கை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து எடுத்துச் சேர்க்க வேண்டும், கூடவே கயோட்டிப் பங்கும் ஒட்டிக்கொண்டு வரும். பொறுமையாக, கட்டுப்பாட்டோடு செய்தால் நான் ஆதரிப்பேன்.

2025 ஏப்ரலில் கொலோசல் பயோசயின்சஸ் என்ற நிறுவனம் நான்கு சிவப்பு ஓநாய்களைக் குளோன் செய்ததாக அறிவித்தது. அதற்கான செல் எடுத்தது பூங்கா ஓநாய்களிடமிருந்து அல்ல, நான் மேலே சொன்ன டெக்சாஸ், லூசியானா வளைகுடாக் கரையோர விலங்குகளின் இரத்தத்திலிருந்து. அதனால் அவற்றை "சிவப்பு ஓநாய்" என்று அழைப்பதே சரியில்லை என்று பல விஞ்ஞானிகள் சொன்னார்கள், எனக்கும் அதே எண்ணம்தான். தொழில்நுட்பம் பயன்படலாம். ஆனால் குட்டியை எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்கலாம், வெளியே விட்டால் சுடப்பட்டும் காரில் அடிபட்டும் சாகும் என்றால் எதற்கு?

பூங்காவில் பிறந்த குட்டி காட்டில் பிழைக்குமா?

கண் திறக்கும் முன் போய்ச் சேர்ந்தால் நன்றாகவே பிழைக்கும். பூங்காவில் பிறந்த பத்துப் பன்னிரண்டு நாள் குட்டியை எடுத்துக்கொண்டு போய், ஏறக்குறைய அதே நாளில் குட்டி போட்ட காட்டு ஓநாயின் வளையில் சேர்த்துவிடுகிறார்கள். வாசனை ஒன்றாகட்டும் என்று எல்லாக் குட்டிகளையும் ஒன்றோடொன்று உரசி, புரட்டி விடுவார்கள். தாய் திரும்பி வந்து எண்ணிப் பார்ப்பதில்லை. ஏற்றுக்கொள்கிறது, பால் கொடுக்கிறது, வேட்டை கற்றுக்கொடுக்கிறது. 2002-இலிருந்து இதைச் செய்கிறார்கள். பூங்காவின் மரபணு காட்டுக்குப் போகிறது, குட்டியோ மனித வாசனையே தெரியாமல் வளர்கிறது.

கலப்பு இல்லாமல் ஓநாயைக் காத்த இடம் வேறு எங்காவது உண்டா?

கனடாவின் ஒன்டாரியோவில் அல்கான்குவின் மாகாணப் பூங்காவைப் பாருங்கள். அங்கே இருப்பது கிழக்கத்திய ஓநாய், அதற்கும் இதே கயோட்டிக் கலப்புப் பிரச்சினை உண்டு. பூங்காவுக்குள் பாதுகாப்பு இருந்தும், எல்லை தாண்டினால் சுட்டார்கள், பொறி வைத்தார்கள். 2001-இலிருந்து பூங்காவைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் ஓநாய், கயோட்டி இரண்டையும் கொல்லத் தடை வந்தது. அதற்கு முன் 80 சதவீதக் கூட்டங்களில் சொந்தமில்லாத வெளி ஓநாய்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, தடைக்குப் பின் அது 6 சதவீதமாகக் குறைந்தது. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பமாக ஒன்றுசேர்ந்துவிட்டன. சுடுவதை நிறுத்தினார்கள், மற்றதை ஓநாய்களே பார்த்துக்கொண்டன. இரண்டையும் சேர்த்துத் தடுத்ததுதான் முக்கியம், ஏனென்றால் ஒன்றை மட்டும் தடுத்தால் "கயோட்டி என்று நினைத்தேன்" என்ற பேச்சு வந்துவிடும்.

வட கரோலினாவில் உள்ளூர் மக்களுக்கு என்ன கோபம்?

மானைத் தின்றுவிடும் என்பதும், தங்கள் நிலத்தில் அரசாங்கம் நுழைகிறது என்பதும். ஓநாய்ப் பகுதி ஐந்து கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) 17 லட்சம் ஏக்கர், அதில் தனியார் நிலமும் நிறைய. அந்த மனத்தாங்கலை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், கேட்காமல் கொண்டுவந்து விட்டால் யாருக்கும் கோபம் வரும். ஓநாய்க்கு இடம் தரும் நில உரிமையாளர்களுக்கு வாழிட மேம்பாட்டுக்கு உதவி தரும் திட்டம் இப்போது இருக்கிறது. மனிதரைத் தாக்குமா என்று கேட்பார்கள்: 1987-இல் விட்டதிலிருந்து அப்படி ஒரு பதிவும் இல்லை.

இப்போதைக்குப் பெரிய ஆபத்து எது?

சாலை. புகலிடத்தின் நடுவே நெடுஞ்சாலை 64 போகிறது, கடற்கரைக்குப் போகும் வண்டிகள் வேகமாகப் பறக்கும். 2022-இல் நான்கு ஆண்டுக்குப் பிறகு முதன்முறையாகக் காட்டில் ஆறு குட்டிகள் பிறந்தபோது எல்லோரும் கொண்டாடினோம். 2024-இல் ஒரு ஜோடிக்கு எட்டுக் குட்டிகள். அவற்றின் தகப்பன் அந்த நெடுஞ்சாலையில் அடிபட்டுச் செத்தது. ஓநாய்க் குடும்பத்தில் தாய் குட்டிகளோடு இருக்கும்போது இரை கொண்டுவருவது தகப்பன்தான். எட்டில் ஐந்து குட்டிகள் செத்துப்போயின.

அந்த ஆண்டு டிசம்பரில், அந்தச் சாலைக்கு அடியில் விலங்குகள் கடக்கும் வழிகள் கட்ட 2 கோடியே 50 லட்சம் டாலர் கூட்டாட்சி நிதி ஒதுக்கப்பட்டது. சாலையோரம் வேலி போட்டு, வேலியைப் பிடித்துக்கொண்டே நடக்கும் விலங்கு தானாகவே சுரங்கவழிக்கு வந்து சேரும்படி அமைப்பார்கள். ஓநாய் மட்டுமல்ல, கருங்கரடியும் மானும் ஆமையும்கூட அந்த வழியாகத்தான் போகும்.